மூன்று மாதச் சான்றிதழா, பட்டப்படிப்பா: உணவியல் படிக்க விரும்பும் மாணவிக்கு

கேள்வி: அறந்தாங்கிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் உயிரியல் பிரிவு படித்து, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். நீட் எழுதினேன், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலும் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. அப்பாவுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். அவருக்குச் சாப்பாட்டைக் கணக்குப் பார்த்துப் போடத் தொடங்கியதிலிருந்து டயட்டீஷியன் ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. மாமா, "அது சமையல் படிப்பு, அதற்கு எதற்குக் காலேஜ்?" என்கிறார். மூன்று மாத ஆன்லைன் படிப்பில் நியூட்ரிஷனிஸ்ட் சான்றிதழ் வாங்கினால் உடனே சம்பாதிக்கலாம் என்கிறாள் அக்கா. பட்டப்படிப்பில் சேர்வதானால் எந்தப் பெயரில் உள்ள படிப்பில் சேர வேண்டும்? ஆங்கிலத்தைச் சமாளிக்க முடியுமா? வேலையும் சம்பளமும் எப்படி இருக்கும்? கல்லூரி திறக்கும் வரை என்ன படித்து வைக்கலாம்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் "அவருக்குச் சாப்பாட்டைக் கணக்குப் பார்த்துப் போடத் தொடங்கியதிலிருந்து" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனைகளில் உணவியல் பிரிவில் வேலை செய்துவரும் எனக்கு, இந்தத் துறைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் இப்படி வீட்டில் ஒருவருக்கு வந்த நோயின் வழியாகவே வருகிறார்கள் என்பது தெரியும். அது நல்ல தொடக்கம். ஆனால் அப்பாவுக்குத் தட்டில் சோற்றைக் குறைத்துப் போடுவதற்கும், முன்பின் தெரியாத நாற்பது நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து ஒவ்வொருவருக்கும் வேறு வேறு முடிவு எடுப்பதற்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் கல்லூரியில் கடக்க வேண்டியிருக்கிறது. உணவுப் பட்டியல் எழுதிக் கொடுப்பது இந்த வேலையின் கடைசிப் பகுதி, அதிலும் மிகச் சிறிய பகுதி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பலவற்றுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

முதலில் மாமாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. இந்தப் படிப்பில் சமையல் உண்டு. ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படி ஆய்வகத்தில் நின்று, ஐம்பது பேருக்கான சாம்பாருக்குப் பருப்பும் புளியும் எவ்வளவு என்று கணக்கிட்டு, எடை போட்டு, சமைத்து, ருசி பார்த்து, ஒரு தட்டுக்கு என்ன செலவாகிறது என்பது வரை எழுதித் தர வேண்டியிருக்கும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மருத்துவமனைச் சமையலறையில் மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சி கெட்டியாகிவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், நீர்த்துவிட்டால் நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டிய சத்து போய்ச் சேராது; சமையல் தெரியாத உணவியலாளரின் கணக்கு அங்கே தாளோடு நின்றுவிடும். ஆனால் மாமாவுக்குத் தெரியாத மறுபாதியில் உயிர்வேதியியலும் உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் இருக்கின்றன. அவை ஏன் வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தை, கொஞ்சம் வெட்கத்தோடுதான், சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒரு பெரியவருக்கு உணவு ஆலோசனை சொல்லும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. இரத்த அழுத்தம் அதிகம், காலில் வீக்கம். உப்பைக் குறைக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் விலக்கிப் பட்டியல் எழுதினேன். எந்தக் காய்களில் பொட்டாசியம் அதிகம், அவற்றை எப்படி நறுக்கி வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும் என்பதையும் விளக்கினேன். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. மூன்று வாரம் கழித்து அவர் மீண்டும் சேர்க்கப்பட்டபோது, இரத்தத்தில் 5க்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 6ஐத் தாண்டியிருந்தது. அந்த அளவு இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாக விசாரித்ததில், நான் சொன்ன எதையும் அந்தக் குடும்பம் மீறவில்லை என்று தெரிந்தது. அப்பாவுக்கு உப்பில்லாமல் சோறு இறங்கவில்லையே என்று வருந்திய மகன், கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று எழுதியிருந்த பொட்டலத்தை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அந்த உப்பில் நிரப்பப்பட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு. அவர் சாப்பிட்டுவந்த இரத்த அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் வகையைச் சேர்ந்தது.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். தவறு மகனுடையது அன்று, என்னுடையது. அந்த உப்பில் என்ன இருக்கிறது என்பது பாடத்தில் படித்ததுதான்; அந்த மாத்திரையின் பெயரும் கேஸ் ஷீட்டில் இருந்ததுதான். ஆனால் "உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடுவார், வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து பட்டியல் எழுதுவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்காமல் பேனாவைத் திறப்பதில்லை: இரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு, வீட்டு அடுப்படி. முதல் இரண்டையும் படிக்கக் கற்றுத்தருவது கல்லூரி. மூன்றாவதைக் கேட்டறியக் கற்றுத்தருவது வார்டு.

இனி, அக்கா சொல்லும் மூன்று மாதச் சான்றிதழ். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயரை நம் நாட்டில் நீண்ட காலமாக யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டார்கள். சத்துமாவு விற்பவரும் போட்டுக்கொண்டார், உடற்பயிற்சிக் கூடத்தில் புரதப் பொடி விற்பவரும் போட்டுக்கொண்டார். அந்தக் காலம் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. 2021இல் இயற்றப்பட்ட தேசிய துணை மருத்துவ, நலப்பணித் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், மருத்துவமனை உணவியலாளர், உணவுச் சேவை உணவியலாளர், பொதுச் சுகாதார ஊட்டச்சத்து நிபுணர், விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர் ஆகியோரைத் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. நலப்பணித் தொழில்முறையாளர் என்று ஒருவர் அழைக்கப்பட வேண்டுமானால், அவர் படித்த பட்டம் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பைக் கொண்டதாக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்து முடிக்கும் படிப்பை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

தொலைநிலைக் கல்வியில் சேரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை, ஆகஸ்ட் பருவத்திலிருந்து உணவு, ஊட்டச்சத்து அறிவியல், மருத்துவ ஊட்டச்சத்து, உணவியல் ஆகிய படிப்புகளைத் தொலைநிலை, இணையவழி முறைகளில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. ஆகவே நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அது உங்களுக்கு நல்லதுதான். பட்டம் பெற்ற பிறகு, விளையாட்டு ஊட்டச்சத்து போன்ற ஏதாவது ஒன்றில் குறுகிய காலப் படிப்பை மேலதிகமாகச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. கட்டடம் எழும்பிய பிறகு வெள்ளை அடிக்கலாம்.

படிப்பின் பெயர் பற்றிய உங்கள் குழப்பம் நியாயமானது. தமிழ்நாட்டில் ஒரே துறை பல பெயர்களில் நடக்கிறது. சில கல்லூரிகளில் மனையியல் என்ற பழைய பெயரிலேயே இருக்கிறது. அதில் ஆடை, குழந்தை வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை ஆகியவற்றோடு ஊட்டச்சத்தும் ஒரு கிளையாக வரும். "ஊட்டச்சத்து, உணவுச் சேவை மேலாண்மை, உணவியல்" என்ற நீளமான பெயரில் நடக்கும் பட்டப்படிப்பு, சமையலறை நிர்வாகத்தையும் மருத்துவமனை உணவியலையும் ஏறக்குறையச் சமமாகச் சொல்லிக்கொடுக்கும். சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரியில் இருப்பதைப் போன்ற மருத்துவ ஊட்டச்சத்து, உணவியல் பட்டம், பெயருக்கேற்ப நோயாளியின் பக்கம் சாய்ந்திருக்கும். கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் 1957இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி, இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இந்தத் துறையில் முனைவர் பட்டம் வரை நடத்துகிறது. சத்துணவுத் துறையில் அகில இந்திய அளவில் அறியப்பட்ட ராஜம்மாள் தேவதாஸ் அங்கிருந்துதான் பணியாற்றினார். உணவுத் தொழில்நுட்பம் என்பது மட்டும் வேறு துறை. அது பிஸ்கட் ஆலைக்கும் பால் பண்ணைக்கும் அழைத்துப் போகும், வார்டுக்கு அழைத்துப் போகாது. உணவு என்ற சொல்லைப் பார்த்து அதில் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் என்னிடம் வந்து வருந்திய மாணவிகள் உண்டு.

இருப்பினும் பெயரைக் கொண்டு கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விண்ணப்பிக்கும் முன் துறைத் தலைவரைச் சந்திக்க முயலுங்கள். முடியாவிட்டால் அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியையாவது பிடித்துவிடுங்கள். மாணவிகளை எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நாள் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்பதே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது. "இண்டஸ்ட்ரியல் விசிட்" என்று பேருந்தில் ஏற்றி, சமையலறையைச் சுற்றிக் காட்டி, மாலையில் திரும்பக் கூட்டிவருவதைப் பயிற்சி என்று கணக்கில் எழுதுகிற இடங்களும் உண்டு. உயிர்வேதியியல் ஆய்வகத்தில் மாணவி தன் கையால் சோதனை செய்கிறாளா, எட்டுப் பேர் சூழ்ந்து நிற்க ஒருத்தி செய்வதைப் பார்த்து மற்றவர்கள் ரெக்கார்டு எழுதுகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். மேலே சொன்ன 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆணையம் 2025இல் ஊட்டச்சத்து, உணவியலுக்கென்று ஒரு பாடத்திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. அந்தக் கல்லூரி அதற்கு மாறப் போகிறதா, எப்போது மாறப் போகிறது என்று கேட்பது உங்கள் வயதில் துணிச்சலான கேள்விதான். ஆனால் நீங்கள் படித்து முடிக்கும் ஆண்டில் ஆணையத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறுமா என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கக்கூடும்.

இளநிலைப் பட்டத்தோடு நிறுத்திவிடலாமா என்றால், மருத்துவமனையில் நிலைத்து வேலை செய்ய எண்ணுபவர் நிறுத்தக் கூடாது என்பதே என் கருத்து. 1963இல் தொடங்கப்பட்ட இந்திய உணவியல் சங்கம், பதிவுபெற்ற உணவியலாளர் தேர்வை நடத்துகிறது, எங்கள் பேச்சில் அது "ஆர்.டி." அதற்கு முதுநிலைப் பட்டமோ முதுநிலைப் பட்டயமோ பெற்று, படுக்கை வசதியுள்ள மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப்பும் முடித்திருக்க வேண்டும். விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள் என்பதால், முதுநிலையில் சேரும் ஆண்டில் சங்கத்தின் அறிவிப்பை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனைகளின் விளம்பரங்களில் "ஆர்.டி. விரும்பத்தக்கது" என்ற வரியை அடிக்கடி காணலாம். ஆகவே ஐந்தாறு ஆண்டுப் பாதை என்று இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள். மூன்று ஆண்டு என்று சொல்லிச் சேர்ந்துவிட்டு, பிறகு நீட்டும்போதுதான் சண்டை வருகிறது.

அந்த இன்டர்ன்ஷிப் மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். காலை ஏழரைக்குள் சமையலறையில் இருக்க வேண்டும். இரவு யார் யார் புதிதாகச் சேர்ந்தார்கள், யாருக்கு அறுவை சிகிச்சை என்பதால் வாய்வழி எதுவும் கூடாது, யாருடைய உணவு திரவத்திலிருந்து குழைவுக்கு மாறுகிறது என்று பட்டியலைத் திருத்தி, தட்டுகள் வண்டியில் ஏறும்போது ஒவ்வொன்றின் சீட்டையும் சரிபார்க்க வேண்டும். பத்து மணிக்கு ரவுண்ட்ஸ். மருத்துவர் கேட்பது பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும்: "ஐசியூ மூன்றாம் படுக்கைக்கு எவ்வளவு போகிறது?" நேற்று அவர் உடலில் உண்மையில் சேர்ந்த கலோரி எவ்வளவு, புரதம் எவ்வளவு என்ற எண்ணைத்தான் அவர் கேட்கிறார். ஆயிரத்து ஐந்நூறு கலோரி எழுதிக் கொடுத்திருப்போம். ஸ்கேனுக்குக் கொண்டுபோனதில் இரண்டு வேளை நின்றிருக்கும், வாந்தியில் ஒரு வேளை போயிருக்கும். உண்மையில் சேர்ந்தது எழுநூறாக இருக்கும். செவிலியரின் குறிப்பேட்டைப் படித்து அந்த எழுநூறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரை மருத்துவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவார்கள். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு, பாவம் என்று நினைத்து முதல் நாளே முழு உணவு கொடுத்துவிட்டால், இரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதை நீங்கள் புத்தகத்தில் படிப்பீர்கள். அங்கேதான் அது உறைக்கும்.

பாடங்களில் மாணவிகள் தடுமாறுவது உயிர்வேதியியலில். அலட்சியமாக இருப்பது உணவுச் சத்து அட்டவணையில். இரண்டாவதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. நாம் பயன்படுத்தும் இந்திய உணவுச் சத்து அட்டவணைக்கு நம் நீலகிரியில் வேர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறிய கூடம் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அங்கே அவருக்குப் பின் இயக்குநராக இருந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பைத் தொகுத்து வெளியிட்டார். அந்தக் கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன் 2017ஆம் ஆண்டு அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன. பழைய அட்டவணையில் 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் என்று இருந்த கால்சியம் புதியதில் 364 ஆகியிருக்கிறது. ஆகவே எந்த எண்ணையும், அது எந்த அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரியாமல் மனப்பாடம் செய்யாதீர்கள்.

அதைவிட முக்கியமானது, அந்த எண்கள் பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கு உரியவை என்பது. 100 கிராம் அரிசி ஏறக்குறைய 350 கலோரி என்று படித்த மாணவி, தட்டில் இருக்கும் 100 கிராம் சோற்றுக்கும் அதே எண்ணைப் போட்டுவிடுவாள். அரிசி வேகும்போது நீரை வாங்கிக்கொண்டு இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு எடை கூடுகிறது என்பதால், சோற்றில் அந்த எண் 120, 140 என்ற அளவுக்கு இறங்கிவிடும். தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண் போகும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இந்தக் கணக்குப் பிழையால் மயக்கம் வரும்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பாடநூல்களும் கேஸ் ஷீட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதில் சலுகை கிடைக்காது. ஆனால் முதல் ஆண்டில் தேவைப்படும் கலைச்சொற்கள் சில நூறுதான், அவை திரும்பத் திரும்ப வருபவை. உங்கள் உயிரியல், வேதியியல் பாடப் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பை இப்போதே வாங்கிவைத்து, செரிமானம், சுரப்பிகள், கழிவு நீக்கம், கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு ஆகிய பகுதிகளை மட்டும் தமிழ்ப் பதிப்போடு அருகருகே வைத்துப் படியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் சொற்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். தமிழ் வழியில் படித்த என் மாணவிகள் முதல் இரண்டு பருவம் திணறி, மூன்றாம் பருவத்தில் சமமாகி, வார்டில் முந்தியிருக்கிறார்கள்.

ஏனென்றால் வார்டில் பேச்சு தமிழில் நடக்கிறது. ஆங்கிலத்தில் டயட் என்று நாம் சொல்வதை நோயாளி பெரும்பாலும் பத்தியம் என்றே கேட்டுக்கொள்கிறார். பத்தியம் என்பது மருந்து சாப்பிடும் வரை இருப்பது, மருந்து முடிந்ததும் முறிக்கப்படுவது. சர்க்கரை நோய்க்கு நாம் எழுதிக் கொடுக்கும் உணவுமுறையையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டு, சர்க்கரை இறங்கிய அன்று "பத்தியம் முடிந்தது" என்று விருந்து சாப்பிட்டுவிட்டு வருவார். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அங்கே மாமியாரைப் பகைத்துக்கொண்டு நீங்கள் எழுதும் எந்தப் பட்டியலும் செல்லாது. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் போடும் அதே கையால் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக் கொடுக்க வைக்க வேண்டும். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் பேசிவிட்டு, விடியலுக்கு முன் உண்ணும் சஹரில் என்ன சாப்பிடுவார்கள் என்று அறிந்து பேச வேண்டும். இந்த இடங்களில் அறந்தாங்கிப் பக்கத்துப் பெண்ணுக்குத் தெரிந்திருப்பது, நகரத்தில் ஆங்கில வழியில் படித்த பெண்ணுக்குத் தெரிந்திருக்காது.

சம்பளத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் உணவியலாளருக்கு மாதம் 15,000 முதல் 25,000 ரூபாய் வரை தருவதைத்தான் நான் பார்த்துவருகிறேன். சில சிறு நகரங்களில் அதற்கும் கீழே. இது படிப்புக்கும் பொறுப்புக்கும் குறைவான தொகை என்பதில் எனக்கு ஐயமில்லை. செவிலியர்களைப் போல எண்ணிக்கையில் நாங்கள் பெரிய கூட்டம் இல்லை என்பதும், உணவியல் பிரிவைச் சமையலறைச் செலவுக் கணக்கில் சேர்க்கும் நிர்வாகங்களும் இதற்குக் காரணங்கள். சிறுநீரகம், தீவிர சிகிச்சை, குழந்தைகள், புற்றுநோய் என்று ஏதேனும் ஒன்றில் நான்கைந்து ஆண்டு அனுபவம் சேர்ந்த பிறகு நிலைமை மாறுகிறது. எடை குறைப்பு ஆலோசனையைத் தொலைபேசி வழியாகத் தரும் நிறுவனங்கள் தொடக்கத்திலேயே கூடுதலாகத் தரும். ஆனால் அங்கே மாத இலக்கு இருக்கும், விற்க வேண்டிய பொடியும் இருக்கும். முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம் என்பேன்.

மருத்துவமனைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று பள்ளிப் பிள்ளைகளின் தட்டைப் பற்றி இவ்வளவு காலம் யோசித்த மாநிலம் நம்முடையது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் தேர்வுக்கு மனையியல், ஊட்டச்சத்துப் பட்டங்கள் தகுதியாக ஏற்கப்படுகின்றன. அங்கன்வாடிகள் அந்த அலுவலரின் பொறுப்பில்தான் வருகின்றன. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. பத்தில் நான்கு பேருக்கு அதிக எடை. ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே உடலில், இரண்டும் இருப்பதை அந்த வேலையில் அன்றாடம் பார்ப்பீர்கள். கல்லூரி ஆசிரியப் பணி விருப்பமானால் முதுநிலைக்குப் பிறகு மனையியல் பாடத்தில் நெட் தேர்வு எழுதலாம். வெளிநாட்டைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பெயரையே பதிவில்லாமல் பயன்படுத்தக் கூடாது, அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் பதிவுத் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி திறக்கும் வரை செய்யக்கூடியவை பற்றிக் கேட்டீர்கள். கிராம் காட்டும் சிறிய சமையலறைத் தராசு ஒன்றை வாங்குங்கள். உங்கள் வீட்டு ஆழாக்கில் எத்தனை கிராம் அரிசி பிடிக்கிறது, அது சோறாகும்போது எவ்வளவு, அம்மாவின் குழம்புக் கரண்டியில் எத்தனை மில்லி, ஓர் இட்லி எத்தனை கிராம், தாளிக்கும் எண்ணெய் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு தெருவில் ஐந்து வீடுகளுக்குப் போய், நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எங்கள் துறையில் இதற்கு 24 மணி நேர நினைவுகூரல் என்று பெயர். பார்க்க எளிது, செய்யக் கடினம். "காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை" என்பவர் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு ரஸ்கும் எடுத்திருப்பார். அதைச் சாப்பாட்டில் அவர் சேர்க்க மாட்டார். முகம் சுளிக்காமல் அந்த ரஸ்கை வெளியே கொண்டுவரும் திறமை சிலருக்கு இயல்பாக வரும், சிலருக்குப் பழகித்தான் வரும். உங்களுக்கு எப்படி என்று இந்த விடுமுறையிலேயே தெரிந்துவிடும்.

அப்பா விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அவர் இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டிருந்தால், மருந்து அதே அளவில் இருக்க நீங்கள் சோற்றை மட்டும் குறைத்துக்கொண்டே போவது ஆபத்து. வியர்வை, நடுக்கம், விடியற்காலையில் தலைவலி என்று ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நீங்கள் போடும் அளவுகளை எழுதிக்கொண்டு உடன் போய் அவரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்றுவது அவர் முடிவு.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லையானாலும், 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் பட்டப்படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சேர்ந்த கல்லூரி வழியாகவே அதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றை இப்போதே தலைமையாசிரியரிடம் வாங்கி வையுங்கள். அரசுக் கல்லூரி ஒன்றுக்கும் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். மருத்துவமனைப் பயிற்சி நாள்கள், ஆய்வகம், புதிய பாடத்திட்டம் ஆகிய மூன்றைப் பற்றியும் இரண்டு இடங்களிலும் கிடைக்கும் பதிலை அப்படியே எழுதி அனுப்புங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.